பதில்: கேரவன் டிரெய்லர் வாலாட்டுகிறது, முதுமலை போகலாமா?

அண்ணே, வணக்கம். ரிட்டையர் ஆன கையோடு பெரம்பூரிலிருந்து அண்ணியோடு முதுமலை, பந்திப்பூர் கிளம்புவதாகவும், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் புது கேரவன் செங்குன்றம் தாண்டி 60 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் வாலாட்டுவதாகவும், அதாவது பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு பதறிவிட்டது. நான் தண்டையார்பேட்டை, துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவன்.

பெரும்பாலும் பாரம்தான் காரணம். தண்ணீர் கேன், சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் பின்பக்கம் இருக்கிறதா? அச்சுக்கு மேலே, தரையோடு ஒட்டி வையுங்கள். கேரவனின் மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் கார் கொக்கியில் இறங்க வேண்டும். 1000 கிலோ வண்டிக்கு 100 கிலோ. வே பிரிட்ஜில் (லாரி எடை மேடை) ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். மறுபடி ஆடினால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டீயரிங்கை வெட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், போதும்.

ஊட்டி வழி வேண்டாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. மைசூரு, குண்டலுப்பேட்டை வழியே போனால் அந்த மாதிரி கொண்டை ஊசி வளைவு இல்லாமல் முதுமலையின் தெப்பக்காடு வந்துவிடலாம். பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள். காட்டுக்குள் நிறுத்தித் தூங்க முடியாது. தங்குமிடம் முன்பே பேசிவையுங்கள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது அண்ணி உங்கள் பக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்கட்டும். அவர் மறைந்த நொடியே வண்டியை நிறுத்திவிடுங்கள் அண்ணே.