சத்தம் நின்றது நல்ல சேதி இல்லை, ஆச்சி

வாய் திறக்கும்போது தாடையில் சத்தம் கேட்டதை வைத்து, மூட்டு தேய்ந்து ஆபரேஷன் வரை போய்விடுமோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். வாயைத் திறந்தால் தாடையில் 'டொக்' என்று கேட்கிறது, வலி இல்லை என்றால், அதற்கு வைத்தியமே வேண்டாம். எத்தனையோ பேருக்கு வாழ்நாள் முழுக்க இருக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. மூட்டு தேய்ந்துவிட்டது என்று வீடியோவில் பயமுறுத்தியவர் உங்கள் வாயைப் பார்த்தவர் இல்லை. காது டாக்டரும் சரி என்றுவிட்டார், அதையும் விடுங்கள்.

ஆனால் கடைசி வரியில், ஏதோ நல்ல சேதி மாதிரி, "போன மாசம் சத்தம் தானாக நின்றுபோச்சு, குழிப்பணியாரத்தைத்தான் முழுசாக வாயில் போட முடியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அங்கேதான். மூட்டுக்குள் மெல்லிய தட்டு ஒன்று உண்டு. அது முன்னால் நழுவியிருந்து, வாய் திறக்கும்போது இடத்துக்குத் திரும்புவதுதான் அந்தச் சத்தம். திரும்பவே முடியாமல் மாட்டிக்கொண்டால் சத்தமும் நிற்கும், வாயும் திறக்காது.

பேரனின் ஸ்கேலை வாங்கி, முடிந்தவரை வாயைத் திறந்து, மேல் முன்பல் நுனியிலிருந்து கீழ்ப்பல் நுனிவரை அளந்து பாருங்கள் (ஸ்கேலில் சைபருக்கு முன்னால் கொஞ்சம் வெறும் இடம் இருக்கும், அதையும் சேர்க்க வேண்டும்). பெரியவர்களுக்குப் பொதுவாக 40 மில்லிமீட்டருக்கு மேல் வரும். 35-க்குக் கீழே என்றால் வாய் திறப்பு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியில் முகவாயையும் கவனியுங்கள்: திறக்கத் திறக்க இடது பக்கமே போய் அங்கேயே நின்றால் இடது மூட்டில் சந்தேகம், போய்விட்டு நடுவுக்குத் திரும்பினால் அவ்வளவு பயமில்லை.

அளவு குறைவாக இருந்தால் இந்த வாரமே காரைக்குடியிலோ மதுரையிலோ வாய், தாடை அறுவை நிபுணரைப் பாருங்கள். அவர் விரலால் மெதுவாகத் தாடையை அழுத்தி, சதை இறுக்கமா, உள்ளே தட்டு தடுக்கிறதா என்று பார்ப்பார், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எழுதுவார். நீங்கள் கேட்ட கம்ப்யூட்டர் வரைபடம் தாடையின் அசைவைக் கோடாக வரைந்து நுணுக்கமாகக் காட்டும், ஆனால் சதைப் பிடிப்பிலும் அதே மாதிரிக் கோடு வரும் என்பதால் அதை மட்டும் வைத்து நோயைச் சொல்ல முடியாது, பணத்தைப் போடாதீர்கள். சீக்கிரம் போனால் பயிற்சியும் பல்லுக்கு மாட்டும் தகடுமே பெரும்பாலும் போதும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய தசை தளர்த்தும் மாத்திரையை நிறுத்துங்கள், கரண்டிக் காம்பை வைத்து வாயை நெம்புவதையும்தான்.

அப்புறம், தினம் வெற்றிலை பாக்கு போடுவீர்களா? எழுதவில்லை. போடுவீர்கள் என்றால், காரம் பட்டதும் வாய் எரிகிறதா, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் நாராகத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். பாக்கினால் கன்னம் இறுகினாலும் வாய் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், அது புற்றுநோயாக மாறக்கூடியது. டாக்டரிடம் பாக்கை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.