மூச்சு வாங்கும் பாட்டு

அன்புள்ள ஐயா,

நீங்கள் அடிக்கடி சொல்வதால் அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் 'அமெரிக்கன் 4' ஆல்பத்தைக் கேட்டேன். ஏமாற்றம்தான். குரல் நடுங்குகிறது, வரிக்கு வரி மூச்சு வாங்குகிறது. பெரும்பாலும் மற்றவர்கள் எழுதிய பாட்டு வேறு. அவர் கௌரவமாக ஓய்வு பெற்றிருக்கலாமே? ஸ்டூடியோவில் குரலையாவது சரிசெய்திருக்கலாம். கேஷை எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

மற்றவர்கள் பாட்டு என்பதெல்லாம் ஒரு புகாரா? அப்படிப் பார்த்தால் நம் சபாக்களை நாளைக்கே இழுத்து மூட வேண்டும். அந்த ஆல்பத்தில் வரும் 'ஹர்ட்' பாட்டை எழுதிய ராக் பாடகர் ட்ரென்ட் ரெஸ்னரே, கேஷ் பாடிய வீடியோவைப் பார்த்தபின் இனி அது தன் பாட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஓய்வு? அதைத்தான் அவர் ஆல்பங்களை வெளியிட்ட கொலம்பியா கம்பெனி 1986லேயே கொடுத்துப் பார்த்தது. 28 வருடம் பாடியவரைக் கைகழுவியது. அப்புறம் ராப், மெட்டல் ஆல்பங்கள் செய்துகொண்டிருந்த தயாரிப்பாளர் ரிக் ரூபின் வந்து, தன் வீட்டு வரவேற்பறையில் ஒரே ஒரு கித்தாருடன் அவரை உட்கார வைத்தார்.

ஆனால் 'சரிசெய்திருக்கலாம்' என்ற உங்கள் வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. எதைச் சரிசெய்வது? 2002இல் அந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு 70 வயது. நரம்பு நோய், திரும்பத் திரும்ப நிமோனியா. 'ஹர்ட்'டின் கடைசியில் பியானோவில் ஒரே சுரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு மேலே போக அந்தக் குரல் படும் பாடுதான் பாட்டு. மூச்சை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

எனக்குத் தெரியும். நான் எடுத்திருக்கிறேன்.

அப்பா இரைப்புக்காரர். ஒரு மழைக்காலத்தில் டேப் ரெக்கார்டரை அடுப்படித் திண்ணையில் வைத்து அவர் பாடிய தேவாரத்தைப் பதிவு செய்தேன். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் விசில் மாதிரி ஒரு இழுப்பு, நடுநடுவே இருமல். அவர் போய்ச் சில வருடம் கழித்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். புதிதாக ஒரு மென்பொருள் கற்றிருந்த திமிர். மூன்று ராத்திரி உட்கார்ந்து இருமலை வெட்டினேன், இழுப்பை வெட்டினேன், மழைச் சத்தத்தைக்கூட வழித்தெடுத்தேன். பளிங்கு மாதிரி இருந்தது.

அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. யாருடா பாடுறது?" என்றாள்.

அசல் கேசட்டைத் தேடினேன். அதுதான் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றே என்று நானே பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. உங்கள் வயதில் எனக்கும் சுத்தமான குரல்தான் பிடித்தது. மே 2003இல் கேஷின் மனைவி ஜூன் கார்ட்டர் இறந்தார். செப்டம்பரில் கேஷும் போய்ச் சேர்ந்தார். இடையில் இருந்த அந்த நான்கு மாதமும் மனிதர் பாடிப் பதிவு செய்துகொண்டுதான் இருந்தார். அந்தப் பாட்டுகளும் சேர்ந்து 2006இல் வெளிவந்த ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? 1994இல் வந்த 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்'. பஸ்ஸில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டாம். ராத்திரி, ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.