பசை தடவி வரும் வால்பேப்பரின் ஓரங்கள் ஏன் கிளம்புகின்றன?

கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் ஒட்டி இரண்டு நாளிலேயே ஓரம் கிளம்புகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் ஊறவைத்ததில்தான் பிழை. பசைப்பக்கம் வெளியே வரத் தளர்வாகச் சுருட்டி, உறையில் சொன்ன நேரம் மட்டும் (அநேகமாக 10–30 வினாடி) தண்ணீரில் அமிழ்த்துங்கள். கூடினால் பசை கரைந்துபோகும். எடுத்தவுடன் ஒட்டாமல், பசையோடு பசை சேர மடித்து 3–5 நிமிடம் வையுங்கள். ஈரத்தில் தாள் விரியும். அந்த விரிதல் சுவரில் நடந்தால் குமிழிதான்; காயும்போது தாள்கள் சேரும் மூட்டும் விலகும்.

முதல் தாளைத் தூக்குக்குண்டு நூல் பிடித்து ஒட்டுங்கள், சுவர் மூலை நேராக இருக்குமென்று நம்பவேண்டாம். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, வழியும் பசையை ஈரப் பஞ்சால் துடையுங்கள். காயும்வரை மின்விசிறி வேண்டாம், ஓரம்தான் முதலில் காயும்.

சுவரில் உப்புப் பூத்திருந்தால் ஈரக்கசிவை நிறுத்தி, சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பிறகே தாள்.