தாத்தா காலத்துக் கடிதங்களையும் கணக்கு நோட்டுகளையும் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பதால் யாருக்கு என்ன பயன்?

முதலில் ஒரு வாக்குமூலம். ஏழாவது படிக்கும்போது எனக்குத் தபால்தலை சேர்க்கிற பைத்தியம். காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் வளவு வீட்டின் இரண்டாங்கட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே முழுக்க பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள். ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட ஸ்டாம்பைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. கவர் கவராக மூலையை வெட்டி, வெந்நீரில் ஊறப்போட்டு எடுத்துவிட்டேன். தேதி போட்ட தபால் முத்திரையும் சேர்ந்து போனது. கடிதங்களுக்குள்ளே "ஆனி 12" என்று மட்டும்தான் இருக்கும், எந்த வருஷத்து ஆனி என்று இருக்காது. முப்பது வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு காப்பகத்திலிருந்து பட்டியல் போட வந்த பெண் கேட்ட முதல் கேள்வி, "சார், கவர்ல எல்லாம் மூலை எங்க?"

என்னென்ன இருந்தது என்று சொன்னால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் வரும். பாட்டையாவுக்குப் பர்மாவில் பேகு என்ற ஊரில் வட்டிக்கடை. இவர் ஊரில் இருப்பார். அங்கே மேலாள், அதாவது இவருடைய ஏஜெண்டு, மூன்று வருஷக் கணக்குக்குப் போய் உட்கார்ந்து கடையை நடத்துவார். அதனால் எல்லாமே எழுத்தில்தான் நடந்தது. மேலாள் எழுதிய கடிதங்கள், பேரேடு, வருஷா வருஷம் வந்த ஐந்தொகை (வரவு, இருப்பு, கடன் எல்லாம் காட்டும் ஆண்டுக் கணக்கு), மேலாளுக்கு உதவியாக இருந்த அடுத்தாளுக்குச் சம்பளம் பேசிய சீட்டு, ஒரு கல்யாணத்தின் இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஓலை), சாமான் பட்டியல், மொய் நோட்டு, மருந்துக் குறிப்பு, யாரோ கணக்குப் போட்டுப் பழகிய தாள்கள். பங்காளிகளில் ஒருவர் எல்லாவற்றையும் கிலோ கணக்கில் போட்டுவிடலாம் என்றார். இன்னொருவருக்குப் பயம்: "பழைய பத்திரம் வெளிய போனா கேஸு வரும்டா." மர அலமாரிக்கும் ரசம் போன கண்ணாடிக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலை உண்டு. பேரேட்டுக்கு அங்கே யாரும் விலை சொல்லவில்லை. அதுவே அதைக் காப்பாற்றியது.

வந்த பெண் செய்த முதல் காரியம், என்னைப் பெட்டியில் கை வைக்க விடாததுதான். நான் ஆர்வக்கோளாறில் கடிதம் தனி, கணக்கு தனி என்று பிரித்து அடுக்கப் போனேன். கூடாதாம். எந்தக் கட்டு எந்த நூலால் கட்டிக் கிடந்ததோ அதே வரிசையில் இருக்க வேண்டும். ஏன் என்று அன்று புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரு கட்டில் மேலாளின் கடிதம், அதன் கீழே அதே மாதத்துக் கணக்கு, அதன் கீழே ஒரு கடன் சீட்டு. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் கதை வருகிறது.

அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். "பாட்டையா பேகுவில் நிலம் வாங்கிப் போட்டார்" என்று கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். பிரஜோற்பத்தி வருஷத்து (1931-32) ஐந்தொகையைத் தமிழ் எண் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்துச் சொன்னார். பாட்டையா எதையும் வாங்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது. வாங்கின கடனைக் கட்ட முடியாத பர்மியக் குடியானவர்களின் நிலம் ஒவ்வொன்றாகக் கடைக்கு எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் ஒரு கடையில் மட்டும் நடந்ததல்ல இது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் எங்களைப் போல வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்கள் கையில் இருந்தது. 1938க்குள் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. இந்தச் சதவீதத்தைப் புத்தகத்தில் படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. நம் வீட்டுப் பேரேட்டில், நம் விலாசத்தின் (கடைப் பெயரின்) கீழ், மவுங் இன்னார், கோ இன்னார், மா இன்னார் என்று தமிழ் எழுத்தில் வரிசையாகப் பர்மியப் பெயரும், எதிரே இத்தனை ஏக்கர் என்றும் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்தக் குடியானவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் வேறெங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்குமா? யுத்தத்தில் என்னென்னவோ எரிந்துபோன நாடு அது. ரங்கூனில் 1941 டிசம்பர் 23 அன்று குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் ஊர் ஜப்பானியர் கைக்குப் போனது. எங்கள் மேலாள் பேரேட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார் என்பது வீட்டுக் கதை. 1948இல் பர்மா அரசாங்கம் நில நாட்டுடைமைச் சட்டம் போட்ட பிறகும், என்றைக்காவது நஷ்டஈடு வரும் என்று ஐயா அதைப் பத்திரமாக வைத்திருந்தார். நஷ்டஈடு வரவில்லை. பேரேடு மட்டும் மிஞ்சியது. ஆக, அது எங்கள் வீட்டுக் காகிதம் மட்டுமல்ல, பேகு ஜனங்களின் வீட்டுக் காகிதமும்தான். கொடுத்துவிடலாம் என்று நான் முடிவெடுத்தது அதனால்தான்.

எங்கே கொடுப்பது? எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பெரும்பாலும் அரசாங்கம் எழுதியதுதான் இருக்கும். வீட்டுக் காகிதத்துக்கு வேறு இடங்கள் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீசு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள், இன்று தரமணியில் இருக்கிறது. கொடுக்க மனசு வராதவர்களுக்கு நகல் எடுக்கிற வழியும் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதி உதவியோடு, தனியார் கையில் இருந்த 1650 முதல் 1950 வரையான தமிழக வேளாண் ஆவணங்களைத் தேடிப் படமெடுத்தது.

கொடுக்கும்வரை செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் பண்ணாதீர்கள். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாகக் கழற்றுங்கள். கொடுக்கும்போது ஒப்பந்தம் எழுதுங்கள்; எதை யார் எப்போது பார்க்கலாம் என்று அதில் இருக்கட்டும். பாட்டையாவும் அவர் தம்பியும் சண்டை போட்டு எழுதிய 9 கடிதங்களை 25 வருஷத்துக்கு யாருக்கும் காட்டக் கூடாது என்று நாங்கள் எழுதி வாங்கினோம். எரித்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. நான்தான் தடுத்தேன், ஸ்டாம்பு வெட்டின பாவத்துக்குப் பரிகாரமாக.

எல்லாம் போய்ச் சேர்ந்தது, மொய் நோட்டைத் தவிர. அதை அத்தை கொடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் இன்றைக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் புரட்டுகிறார். படமெடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்றேன். "அது பழசு இல்லடா, இன்னும் நடப்புல இருக்கிற கணக்கு" என்றார்.