இத்தனை திட்டங்கள் இருந்தும் இந்தியக் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவு ஏன் இவ்வளவு மெதுவாகக் குறைகிறது?

கேள்வி கேட்டவர் அங்கன்வாடி, ரேஷன், சத்துணவு, போஷன் அபியான் (மத்திய அரசின் ஊட்டச்சத்து இயக்கம்) என்று ஒரு பட்டியலே போட்டுவிட்டு, இவ்வளவும் இருந்தும் குழந்தைகள் ஏன் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருக்கிறார்கள், எல்லாம் வெறும் விளம்பரம்தானா என்று கேட்டிருக்கிறார். விளம்பரம் இல்லை. என் அம்மா பல வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவர், அதனால் நான் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தேசிய குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 2005-06இல் 48 சதவீதம், 2015-16இல் 38.4, 2019-21இல் 35.5. குறையவே இல்லை என்று சொல்வது தப்பு. ஆனால் 2018 மார்ச் 8 அன்று ராஜஸ்தானின் ஜுன்ஜுனுவில் போஷன் அபியானைத் தொடங்கியபோது 2022க்குள் 25 சதவீதத்துக்குக் கொண்டுவருவோம் என்றார்கள், அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. குழந்தைகளின் ரத்தசோகையோ கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு ஆய்வுகளுக்கிடையில் 58.6 சதவீதத்திலிருந்து 67.1 ஆக ஏறியிருக்கிறது (விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தை வைத்து அளப்பது சரிதானா என்று ஒரு சண்டை உண்டு, அது தனிக் கதை).

என்னைக் கேட்டால், கோளாறு வயதில் இருக்கிறது. நம் திட்டங்களில் ஒழுங்காக நடப்பது எது என்று பாருங்கள். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு, அங்கன்வாடியில் மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ளவர்களுக்குச் சூடான சாப்பாடு. தட்டு தெரிகிறது, குழந்தை தெரிகிறது, எண்ணிக்கை எழுதலாம், அதிகாரி வந்தால் காட்டலாம். ஆனால் குழந்தையின் உயரம் கருவில் இருக்கும்போதும் பிறந்து இரண்டு வயதுக்குள்ளும்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது. அதற்கப்புறம் எவ்வளவு நல்ல சாப்பாடு போட்டாலும், எடை ஏறலாம், படிப்பில் கவனம் வரலாம், போன உயரம் அவ்வளவாகத் திரும்பாது. அந்த வயதுக் குழந்தை எங்கே இருக்கிறது? வீட்டில். அதன் பெயரில் ஒரு சத்துமாவு பாக்கெட் வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பாக்கெட்டுக்கு வீட்டில் என்ன ஆகும் என்று அம்மா கதை கதையாகச் சொல்வார். பெரியவன் உருண்டை பிடித்துத் தின்பான், தாத்தாவுக்குக் கஞ்சியாகும், சில வீடுகளில் மாட்டுத் தொட்டிக்கும் போகும். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, நாலு பேர் அரைவயிற்றோடு இருக்கும் வீட்டில் ஒரு குழந்தைக்கு மட்டும் டப்பாவைப் பூட்டி வைக்கவா முடியும்? குழந்தைக்கு அன்றைக்கு டீயில் நனைத்த பிஸ்கட்டும் ரசம் சோறும்தான். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளில் போதுமான அளவும் வகையும் உள்ள உணவு கிடைத்தது 2019-21 ஆய்வின்படி நாடு முழுக்க 11.3 சதவீதம் பேருக்குத்தான். இதை ஏழ்மை மட்டும் என்று தள்ளிவிடவும் முடியாது, வசதியான வீடுகளிலும் ஐந்தில் ஒரு குழந்தைக்கு மேல் உயரம் குறைவாகத்தான் இருக்கிறது. இன்னொன்று: அதே ஆய்வில் பிரசவத்தில் 88.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடந்தது, ஆனால் பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் 41.8 சதவீதம்தான். டாக்டரும் நர்ஸும் பக்கத்திலேயே இருக்கும்போதே இந்த நிலைமை.

அப்படியென்றால் வேண்டியது சாப்பாட்டோடு ஒரு ஆள். வீட்டுக்குப் போய், தாயிடம் உட்கார்ந்து, ஏழாம் மாதத்தில் என்ன கொடுப்பது, வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டை நிறுத்தலாமா, மாமியார் முட்டை வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று பேசக்கூடிய ஆள். நம்மிடம் அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார், அங்கன்வாடிப் பணியாளர்தான், அவருக்குத்தான் நேரம் இல்லை. பதிவேடு, வாக்காளர் பட்டியல் வேலை, போலியோ சொட்டு மருந்து நாள், 2021இலிருந்து குழந்தைகளின் விவரங்களைப் போனில் ஏற்றும் போஷன் டிராக்கர் செயலி வேறு. மத்திய அரசு 2018இல் அவருக்கு உயர்த்திக் கொடுத்தது மாதம் 4,500 ரூபாய், அதற்கு மேல் மாநில அரசு சேர்த்தால் உண்டு. அதற்குப் பெயர்கூடச் சம்பளம் கிடையாது, மதிப்பூதியம்.

தமிழ்நாட்டில் இதை ஒருமுறை வேறு மாதிரி செய்து பார்த்தார்கள், இன்று யாரும் அதிகம் பேசுவதில்லை. 1980இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைக்கு மட்டும் சுமார் மூன்று மாதம் கூடுதல் சத்துணவு, எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். எல்லோருக்கும் தராமல் சிலருக்கு மட்டும் தருவதா என்று முணுமுணுப்பு இருந்திருக்கத்தான் செய்யும். ஆனால் ‘உன் குழந்தை இந்த மாதம் எடை ஏறவில்லை’ என்பதை ஒரு தாய் தன் கண்ணால் பார்க்கிறாள் என்பதுதான் அதில் பெரிய விஷயம், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு அந்தப் பகுதிகளில் நன்றாகவே குறைந்தது. ஆனால் 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுதான் ஊர் வாயில் நின்றது, எடை போடும் திட்டம் பிற்பாடு அங்கன்வாடித் திட்டத்தோடு கலந்துவிட்டது. ஓட்டுப் போடுகிறவர் கண்ணுக்குத் தட்டுதான் தெரியும், தராசு தெரியாது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017இல் மத்திய அரசு நிர்ணயித்தபடி ஒரு அங்கன்வாடிக் குழந்தையின் உணவுக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய். ஒரு முட்டை வாங்கினாலே பாதிக்கு மேல் போய்விடும். சில இடங்களில் பணப் பிரச்சினைகூட இல்லை, மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிகளில் முட்டை தரும் யோசனையை அன்றைய முதல்வரே வேண்டாம் என்றார். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்கு 5 கிலோ தானியம் தருகிறது, பசி ஆறும், ஆனால் பருப்பும் எண்ணெயும் அந்தச் சட்டத்தில் இல்லை. நம் ரேஷன் கடையில் துவரம் பருப்பும் பாமாயிலும் கிடைப்பது மாநில அரசு தன் காசில் செய்வது.

இதை வைத்து நாம் காலரைத் தூக்கிவிட வேண்டாம். 2015-16க்கும் 2019-21க்கும் இடையில் உயரம் குறைந்த குழந்தைகளின் கணக்கில் தமிழ்நாடு 27.1 சதவீதத்திலிருந்து 25.0க்குத்தான் வந்தது, கேரளாவோ 19.7இலிருந்து 23.4க்கு ஏறிவிட்டது. 2022இல் வந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எனக்கு ரொம்பப் பிடித்த திட்டம், ஆனால் அதுவும் பள்ளிக்கூட வயதுக்குத்தான். அதே வருடம் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில்தான் கடுமையாக மெலிந்த குழந்தைகளைத் தேடிப் பிடிப்பதும், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுப்பதும் இருக்கிறது. அடுத்த ஆய்வில் ஏதாவது மாறினால் இதுபோன்ற ஒன்றால்தான் மாறும் என்பது என் ஊகம்.

உங்கள் தெருவில் திட்டம் நடக்கிறதா என்று தெரிய வேண்டுமா? அங்கன்வாடியில் சாம்பார் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். ஒரு வயதுக் குழந்தை இருக்கும் ஏதாவது வீட்டில் வளர்ச்சி அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசி மூன்று மாதத்துக்கும் எடையைக் குறித்துப் புள்ளி வைத்திருக்கிறார்களா, கோடு ஏறாமல் படுத்திருந்தால் அதற்கப்புறம் யாராவது வீட்டுக்கு வந்து பேசினார்களா என்று அந்தத் தாயிடமே கேளுங்கள்.