பிரான்ஸ் பள்ளிப் பட்டியல்: எந்தப் பசை, எந்தக் கோடு?

கேள்வி: அண்மையில்தான் பாரிஸ் புறநகருக்குக் குடிவந்தோம். செப்டம்பரில் மகன் ஆரம்பப் பள்ளியில் சேருகிறான். பள்ளி கொடுத்த பொருள் பட்டியலில் பசை வகைகளும் நோட்டு வகைகளும் குழப்புகின்றன. கடையில் என்னவென்று கேட்பது?

பதில்: பசைக்குப் பொதுப்பெயர் 'கோல்'. பட்டியலில் பெரும்பாலும் இருப்பது 'பாத்தோன் த கோல்', அதாவது நம் க்ளூ ஸ்டிக். கேட்டிருக்கும் எண்ணிக்கையைப் பார்த்தால் இத்தனை எதற்கு என்று தோன்றும். இங்குள்ள ஆசிரியர்கள் பாடங்களை நகலெடுத்துக் கொடுத்து நோட்டில் ஒட்டச் சொல்வார்கள்; ஆண்டு முழுவதும் ஒட்டும் வேலை ஓயாது. அதனால் 21 கிராம் அளவிலேயே வாங்குங்கள், சின்னது சீக்கிரம் தீர்ந்துவிடும். 'சான் சொல்வான்' என்று இருந்தால் கரைப்பான் கலக்காத பசை என்று பொருள். குழந்தைகளுக்கு அதுவே நல்லது. செல்லோ டேப்பைப் பட்டியல் 'ருபான் அதெசீஃப்' என்னும். கடைக்காரரிடம் 'ஸ்கோச்' என்றாலே போதும். இருபக்கமும் ஒட்டுவது 'தூப்ல ஃபாஸ்'.

"போன்ஜூர், ஜ ஷெர்ஷ் தே பாத்தோன் த கோல்" (வணக்கம், க்ளூ ஸ்டிக் தேடுகிறேன்) என்று கேளுங்கள். 'போன்ஜூர்' சொல்லாமல் நேராகப் பொருளைக் கேட்பது இங்கே மரியாதைக் குறைவு.

பசையைவிட நோட்டில்தான் அதிகக் கவனம் வேண்டும். நோட்டு 'கய்யே'. அதையடுத்து வரும் 'க்ரான் கரோ' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். 8 மில்லிமீட்டர் கட்டங்களும், அவற்றுக்குள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய கோடுகளும் கொண்ட தாள் அது. 'செயெஸ்' என்றும் அச்சிட்டிருக்கும். 1892-இல் இதைப் பதிவு செய்த பொந்துவாஸ் நகரப் புத்தக வணிகரின் பெயர் அது. கூட்டெழுத்தில் 'a' ஓர் இடைவெளி உயரம், 't' இரண்டு, 'l' மூன்று என்று அந்தக் கோடுகளை வைத்தே சொல்லித்தருகிறார்கள். சாதாரணக் கோடு போட்ட நோட்டைக் கொடுத்தனுப்பினால் பிள்ளை திண்டாடிப்போவான். முதல் வகுப்பென்றால் கோடுகளுக்கிடையே 3 மில்லிமீட்டர் விட்ட பெரிய செயெஸைக் கேட்பதும் உண்டு. 'பெத்தி கரோ' வேறு: அது 5 மில்லிமீட்டர் சதுரக் கட்டம். 17×22, 24×32 என்பவை நோட்டின் சென்டிமீட்டர் அளவுகள். இரண்டையும் மாற்றி வாங்கினால் 'ப்ரொத்தேஜ் கய்யே' என்ற மேலுறை பொருந்தாது.

'க்ரேயோன் அ பப்பியே' என்பது பென்சில். மெழுகுக் கிரேயான் என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம்; வண்ணப் பென்சில்கள் 'க்ரேயோன் த கூலர்'. கோப்புறை 'ஷெமீஸ்', ஸ்டேப்ளர் 'அக்ராஃபஸ்', அழிரப்பர் 'கோம்'.

மை பேனா கேட்டிருந்தால் 'எஃபசர்' என்ற மை அழிப்பானும் கூடவே வரும். அது அழியும் வகை நீல மையில் மட்டுமே வேலை செய்யும். கறுப்பு மைக்குழல் வாங்கினால் அழிப்பானால் பயனில்லை. உறையில் 'எஃபசாப்ல' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.