பேய் யாரைப் பிடிக்கும்? – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

சென்ற பூரணை விடுமுறைக்குத் திருக்கோவிலிலுள்ள எங்கள் வீட்டுக்கு மச்சாளும் அவருடைய இரண்டு பொடியன்மாரும் வந்திருந்தார்கள். ஒரே இரவில் ‘கொன்ஜூரிங்’ இரண்டாம் பாகத்தையும், அதில் வரும் கன்னியாஸ்திரிப் பேயை வைத்துத் தனியாக எடுக்கப்பட்ட ‘த நன்’ படத்தையும் பார்த்தோம். முதற்படம் முடிந்ததும் சின்னவன் தன் பாயை இழுத்து வந்து எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் போட்டுக்கொண்டான். நான்கூடக் குசினி விளக்கை அணைக்கவில்லை. ஆனால் இரண்டாவது படத்தில் அதே பேய் இருட்டிலிருந்து பாய்ந்து வந்தபோது அதே சின்னவன் சிரித்தான். நானோ கன்னியர்கள் நடத்திய பாடசாலையில் படித்தவள். அந்த உடுப்பைக் கண்டாலே எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். எனக்கும் அந்தப் படத்தில் ஏமாற்றம்தான் மிஞ்சியது.

அந்தப் பேயை ஒருமுறை பார்த்துவிட்டதால் பயம் போய்விட்டதா, அல்லது படமே சரியில்லையா? இப்படிக் கிளைத்து வரும் படங்கள் எல்லாமே காசுக்காக எடுக்கப்படுபவைதானா? அரைத் தூக்கத்திலிருந்த அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: “பேயை மட்டும் வைச்சுப் படம் எடுத்தா அது யாரைக்கா பிடிக்கிறது?”

பெயரை வெளியிட வேண்டாம்.

திருக்கோவிலிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மா அரைத் தூக்கத்தில் கேட்டதைத்தான் நான் முழு விழிப்பில் இருந்துகொண்டு விரித்து எழுதப் போகிறேன். ஆகவே இந்தப் பதிலின் நல்ல பகுதி அவருக்கே சேரட்டும். முதலில் ஒரு சிறு முறைப்பாடு. சின்னவனின் வயதை நீங்கள் எழுதவில்லை. இரண்டு படங்களும் அமெரிக்காவில் பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாது என்று தரப்படுத்தப்பட்டவை. துணைக்கு நீங்கள் இருந்தீர்கள் என்பதும், துணைக்கு இருந்தவரே விளக்கை அணைக்கவில்லை என்பதும் ஒருவாறு சரியாகிவிட்டது.

2016 இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் உங்கள் வீட்டை உலுக்கியது எந்தக் காட்சி என்று நீங்கள் சொல்லவில்லையென்றாலும், அது, பேய்களை ஆராயும் தம்பதியரில் மனைவியான லொறெயின் தன் கணவனின் அறைக்குள் தனியே நிற்கும் காட்சியாகத்தான் இருக்க வேண்டும். சுவரில் ஒரு ஓவியம் இருக்கிறது; கணவன் எட் தன் கனவில் கண்டதை வரைந்து மாட்டிய கன்னியாஸ்திரியின் முகம். ஓர் ஆளின் நிழல் சுவர் வழியாக மெதுவாக நகர்ந்து போய் அந்த ஓவியத்துக்குப் பின்னால் சரியாகப் பொருந்தி நிற்கிறது. பிறகு சட்டத்தின் இரு ஓரங்களிலும் விரல்கள் வந்து பற்றுகின்றன. காட்சியில் பேய் செய்வது இவ்வளவுதான், ஆனால் அந்த நேரம் முழுவதும் நம் மனம் ஓவியத்திலா இருக்கிறது? லொறெயினின் முகத்தில் இருக்கிறது. எட் கோரமாக இறந்து கிடப்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே அவள் ஒரு தரிசனத்தில் கண்டுவிட்டாள் என்பதும், அதை அவனிடம் சொல்ல முடியாமல் சுமந்து திரிகிறாள் என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே அந்தக் கன்னியாஸ்திரி வரும்போதெல்லாம் நமக்கு வருவது பேய் மட்டுமன்று, எட்டின் சாவும் கூடவே வருகிறது.

இயக்குநர் ஜேம்ஸ் வான் முதலில் அந்தப் படத்துக்கு வேறொரு பிசாசு உருவத்தையே வைத்திருந்தார். படம் எடுத்து முடிந்த பிறகு, மீள்படப்பிடிப்பின்போதுதான் கன்னியாஸ்திரி உருவம் வந்து சேர்ந்தது. கத்தோலிக்க நம்பிக்கையைத் தன் ஒரே காவலாகக் கொண்ட ஒரு பெண்ணை, அந்த நம்பிக்கையின் உடுப்பைப் போட்டுக்கொண்டே வந்து தாக்கும் பேய் அது. உங்களுக்கு முதுகு நிமிர்ந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அதாவது அந்தப் பேய் லொறெயினின் அளவுக்குத் தைத்த சட்டை. அதைக் கழற்றி எடுத்து வந்து வேறொரு படத்தின் கொடியில் காயப்போட்டால் அது துணியாகத்தானே தொங்கும்?

நமது பக்கத்தில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. சிறுவயதில் நான் பார்த்த தென்மோடிக் கூத்துகளில் பெரிய பாத்திரத்தின் வரவுக்கு இரண்டு பேர் வெள்ளைச் சேலையொன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். சேலைக்குக் கீழே சதங்கை கட்டிய கால்கள் மட்டும் தெரியும். கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தை உருட்ட உருட்ட எனக்கு நெஞ்சு அடிக்கும். கூத்தாடும் களரி வட்டமானது என்பதால், அம்மம்மாவின் மடியிலிருந்த எனக்குச் சேலையின் மறுபக்கம் தெரியாவிட்டாலும், எனக்கு எதிரே இருந்தவர்களுக்கு என்னைவிட முந்தித் தெரிந்தது. நான் பயந்தது அவர்களுடைய முகங்களைப் பார்த்துத்தான். எதிரே இருந்த ஒரு சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு தாயின் தோளுக்குள் புதைந்ததை இப்போதும் மறக்கவில்லை. சேலை விலகி வெளியே வந்த அரசன் யார் என்பது மறந்துவிட்டது.

2011 ஓகஸ்டில் கிழக்கு முழுவதும், உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வந்து தாக்குவதாகச் சொல்லப்பட்ட ‘கிறீஸ் பூதம்’ என்ற பயம் பரவியதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பின்னால் யார் இருந்தார்கள் என்பது இந்தக் கடிதத்துக்குரிய பேச்சன்று. என் தெருவில் அதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்ன ஒருவரையும் நான் சந்திக்கவில்லை, ஆனால் கண்டவரின் முகத்தைக் கண்டவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். இரவில் கதவுக்குப் பின்னால் மண்வெட்டி வைத்துக்கொண்டு படுப்பதற்கு அது போதுமாக இருந்தது.

இனி 2018 இல் வந்த ‘த நன்’. ஒருமுறை பார்த்துவிட்டதால் பயம் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். படத்தைக் கவனித்தால், அதன் இயக்குநர் கொறின் ஹார்டி அந்த உருவத்தை அவ்வளவு தாராளமாகக் காட்டவில்லை என்பது தெரியும். பெரும்பகுதி நேரம் முக்காடு போட்ட முதுகுகளும், நடைபாதையின் கோடியில் நிற்கும் கரிய உருவங்களும்தான். முகம் அதிகமாக வருவது கடைசிப் பகுதியில்தான். ஆகவே ‘மறைத்துக் காட்டினால் பயம் வரும்’ என்று பலரும் சொல்லும் சூத்திரம் இங்கே பொய்த்துப் போகிறது. சேலை பிடிக்கப்பட்டிருக்கிறது, மத்தளமும் உச்சத்தில் அடிக்கிறது, ஆனால் களரியின் எதிர்ப்பக்கம் ஆளில்லை. 1952 இல் உருமேனியாவின் ஒரு மடத்தில் கன்னியொருத்தி தற்கொலை செய்துகொள்ள, அதை விசாரிக்க வத்திக்கான் ஒரு குருவையும், கன்னியாஸ்திரியாவதற்கு இன்னும் வார்த்தைப்பாடு கொடுக்காத ஐரீன் என்ற இளம் பெண்ணையும் அனுப்புகிறது. இந்த ஐரீன் யாருக்காகப் பயப்படுகிறாள்? அவள் தோற்றால் எந்த வீடு இருளும்? படம் அதைச் சொல்லவில்லை. லொறெயினாக நடித்த வேரா ஃபார்மிகாவின் சொந்தத் தங்கை ரைஸா ஃபார்மிகாவையே ஐரீனாக நடிக்க வைத்து, அக்காவின் முகச்சாயலைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். முகத்தைக் கடன் வாங்கலாம், அந்தப் பயத்தை வாங்க முடியவில்லை. பேர்க் என்ற அந்தக் குருவுக்கு, தான் நடத்திய பேயோட்டும் சடங்கின் விளைவாக இறந்த சிறுவனைப் பற்றிய குற்றவுணர்வு உண்டு என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். அதிலிருந்தே ஒரு நல்ல படம் கிளம்பியிருக்கலாம். இவர்கள் அந்தச் சிறுவனையும் இருட்டில் திடுக்கிட வைக்கும் பொம்மையாக்கி முடித்துவிட்டார்கள்.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த ஓரிடம் இருக்கிறது. உங்கள் சின்னவன் அப்போது சிரித்தானா என்று கேட்டுச் சொல்லுங்கள். மடத்தின் மயானத்தில் கல்லறைகள்தோறும் ஒரு மணி தொங்குகிறது. உயிரோடு புதைக்கப்பட்டுவிட்டால் உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்கலாம் என்பதற்காக வைத்தது. பேர்க் அப்படியொரு குழிக்குள் அகப்பட்டுக்கொள்கிறார். மேலே மூடுபனியில் ஐரீன் அத்தனை மணிகளுக்கு நடுவே நின்று, எந்த மணி அடிக்கிறது என்று காதைக் கொடுக்கிறாள். அந்தச் சில நிமிடங்களுக்குப் பேய் தேவைப்படவில்லை. கீழே ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது, மேலே ஒருத்தி அவரைத் தேடுகிறாள். ஆளுக்கு ஆள் என்றொரு தொடர்பு படத்தில் முதன்முறையாக உண்டாகிறது. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்க முயன்றவர்களுக்கு, அப்படிக் காதைக் கொடுக்கும்போது உடல் எவ்வளவு இறுகிப் போகும் என்பது தெரிந்திருக்கும். அந்த இறுக்கத்தை இயக்குநர் இன்னும் சற்று நேரம் நீடிக்க விட்டிருக்கலாம்.

படத்தைக் கெடுத்த இன்னொன்று விளக்கம். இரண்டாம் பாகத்தில் பேயின் பெயர்கூட ஒரு பூட்டாக இருந்தது. வலாக் என்ற அந்தப் பெயரை லொறெயின் நினைவுக்குக் கொண்டுவந்து சொன்னதும்தான் அதை விரட்ட முடிந்தது. கிளைப்படத்திலோ, முன்னொரு காலத்தில் ஒரு பிரபு நரகத்தின் வாசலைத் திறந்தான், திருச்சபை கிறிஸ்துவின் இரத்தத்தைக் கொண்டு அடைத்தது, உலகப்போரின் குண்டுகள் மறுபடி திறந்துவிட்டன என்று காரணகாரியத்தோடு வரலாறு சொல்கிறார்கள். எந்தக் கதவு, யார் திறந்தது, எதனால் பூட்டலாம் என்று எல்லாம் தெரிந்த பிறகு மிஞ்சுவது பூட்டுத் திருத்துகிறவனின் வேலைதான். இவ்வளவும் முடிந்தபின், கடைசியில் மொறிஸ் என்ற பாத்திரத்தின் கழுத்துக்குப் பின்னால் ஒரு குறியைக் காட்டி, 2013 இல் வந்த முதல் ‘கொன்ஜூரிங்’ படத்தின் ஒரு காட்சியோடு முடிச்சுப் போடுகிறார்கள். தனியே நடக்க வந்த பிள்ளை வாசலிலேயே தாயின் கையைப் பிடித்துக்கொண்டது போலத்தான் அது எனக்குப் பட்டது.

காசுக்காகவா என்றால், ஆம். சுமார் 22 மில்லியன் டொலர் செலவில் எடுத்த படம் உலகெங்கும் 365 மில்லியன் டொலர் அளவில் வசூலித்தது. ‘கொன்ஜூரிங்’ குடும்பத்தின் படங்களில் நீண்ட காலம் அதற்கு மேல் எதுவும் வசூலிக்கவில்லை. ஏமாந்தவர்களும் ரிக்கெற் வாங்கியவர்கள்தாம். ஆனாலும் காசுக்காக எடுத்ததெல்லாம் கெட்டுப் போகும் என்று நான் சொல்ல மாட்டேன். முதற்படங்களும் ஒன்றும் தானதர்மத்துக்கு எடுக்கப்பட்டவையல்ல.

அதே குடும்பத்தில் 2017 இல் டேவிட் சான்ட்பேர்க் எடுத்த ‘அனபெல்: கிரியேஷன்’ என்ற கிளைப்படம் இருக்கிறது. அனபெல் பொம்மையை வைத்து அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த படத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன், இதைப் பரிந்துரைக்கிறேன். இதுவும் பேயின் தோற்றக்கதைதான், விளக்கமும் உண்டு. ஆனால் நடுவில் ஜனிஸ் என்ற அநாதைச் சிறுமி இருக்கிறாள். போலியோவால் ஒரு கால் இயங்காது. இரும்புப் பட்டை கட்டி ஊன்றுகோலில் நடப்பவள். மாடிக்குப் போக அந்த வீட்டுப் படிக்கட்டில் ஒரு மின்கதிரை பொருத்தப்பட்டிருக்கிறது. பேய் பின்னால் வரும்போது அவள் அந்தக் கதிரைக்குத்தான் ஓட வேண்டும், அவளால் ஓட முடியாது, கதிரைக்கோ அதன் ஒரே வேகம்தான் தெரியும். உங்கள் அம்மாவின் கேள்விக்கு அந்தப் படத்தில் பதில் இருக்கிறது: அது அவளைப் பிடிக்கும், அவள் யார் என்று அதற்குள் நமக்கு நன்றாகத் தெரிந்துவிட்டிருக்கும்.

அடுத்த விடுமுறைக்கு மச்சாள் வரும்போது பெரியவர்கள் அதைப் பாருங்கள். சின்னவனைச் சேர்த்துக்கொள்வதா என்பது உங்கள் பொறுப்பு. சேர்த்துக்கொண்டால், பாயை எங்கே போட்டான் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து